பதினேழாம் பாடம்

"இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். திருடர்களுக்காக இனி ஒரு வரிகூட எழுத மாட்டேன்."

இந்த இரண்டு வரியைத் தன் வலைப்பூவில் ஏற்றிவிட்டு அறிவுச்செல்வன் சட்டையை எடுத்து மாட்டினான். அவசரத்தில் பட்டனை மாற்றிப் போட்டான். கோபம் அப்படி.

வேங்கிக்காலில் அவனுக்குக் கிளார்க் வேலை. ஆபீஸ் விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். தமிழில் கம்ப்யூட்டர் பாடம் எழுதுவது ஆறு வருஷமாக அவன் பழக்கம். மெஷின் கிளம்ப மாட்டேன் என்கிறதா, வைரஸ் புகுந்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் அங்கே வழி இருக்கும். படம் போட்டு, ஒவ்வொரு படியாக விளக்கியிருப்பான். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும், 'நீங்க இல்லேன்னா நாங்க இல்லை சார்' என்று எழுதுவார்கள்.

அன்று காலையில் எதிர்வீட்டுச் சுருதி சந்தேகம் கேட்க வந்தாள். பிளஸ் டூ லீவில் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருந்தாள். கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் புத்தகம். நாலு பக்கம் புரட்டியதும் அவனுக்குத் தலை சுற்றியது. அத்தனையும் அவன் வரிகள். ஒரு கமாகூட மாறவில்லை. அட்டையில் சென்டர் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவன் பேர் இல்லை.

தெரியாமல் செய்திருப்பார்கள், நிதானமாகக் கேட்டுப் பாருங்கள் என்றாள் மனைவி மணிமொழி. தெரியாமல் யாராவது நூறு பக்கம் காப்பி அடிப்பார்களா என்று அவளையும் ஒரு பிடி பிடித்தான்.

"என் உழைப்பு மணி. அதுல என் பேரு வரணும். இல்லேன்னா சென்டரை இழுத்து மூட வெச்சிட்டுத்தான் வருவேன்."

அன்று பௌர்ணமி. டவுனுக்குள் வண்டி விடவில்லை. பைக்கை ஓரங்கட்டிவிட்டு, கிரிவலக் கூட்டத்தை எதிர்த்து இடித்துக்கொண்டு நடந்தான். நடக்க நடக்கக் கோபம் ஜாஸ்தியானதே தவிர, கம்மியாகவில்லை.

சென்டர் மாடியில் இருந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடத்துகிறவர் சகாதேவன். ஐம்பது வயதிருக்கும். முன்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். அவர் மேஜைமேல் புத்தகத்தை வீசினான்.

"இதை எழுதினது யாருங்க?"

"நான் எழுதலைங்க," என்று எழுந்தார் அவர்.

"தெரியும். நான்தான் எழுதினேன். அடுத்தவன் உழைப்பைத் திருடிப் பொழப்பு நடத்தறீங்களே, வெக்கமா இல்ல?"

டைப் அடிக்கும் சத்தம் நின்றது. பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சகாதேவனுக்குக் கோபம் வரவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "நீங்கதானா சார் அது? ஒரு வருஷமா உங்களைத்தான் தேடறேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

யாரோ மெயிலில் அனுப்பியது என்று பழைய மாணவன் ஒருவன் இதை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தானாம். எழுதியவர் பேர் அதில் இல்லையாம். அவருக்கு நெட்டில் தமிழில் தேடத் தெரியாது. கேட்காமல் பாடம் நடத்த மனசும் ஒப்பவில்லை. லென்ஸ் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாராம்.

"பதினேழாம் பாடத்துப் படத்துல, மூலையில, பொடி எழுத்துல ஒரு இங்கிலீஷ் அட்ரஸ் இருந்துதுங்க. வேற எந்தப் படத்துலயும் இல்ல. அதுல மட்டும் இருந்துது."

அறிவுச்செல்வன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தான்.

அந்த அட்ரஸுக்கு மெயில் போட்டிருக்கிறார் சகாதேவன். கனடாவிலிருந்து ஹெரால்டு என்கிற ரிட்டயர்டு வாத்தியார் பதில் எழுதினாராம். பாடங்கள் எல்லாம் அவர் இங்கிலீஷில் எழுதியவை. படங்களும் அவர் போட்டவை. கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்றதும், தாராளமாக நடத்துங்கள் என்று சொல்லிவிட்டாராம். சகாதேவன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

'மூலம்: திரு. ஹெரால்டு, கனடா. அவர் அனுமதியுடன். தமிழில்:'

அதற்கப்புறம் ஒரு கோடு மட்டும் போட்டு, இடம் விட்டிருந்தது.

ஆறு வருஷத்தில் எத்தனையோ பேர் அறிவுச்செல்வனைப் புகழ்ந்திருக்கிறார்கள். ஒருவரிடம்கூட அவன் ஹெரால்டு பேரைச் சொன்னதில்லை. ஒவ்வொரு படத்தின் மூலையிலிருந்தும் அந்த அட்ரஸை வெட்டி எடுத்தவனே அவன்தான். பதினேழாவதில் மறந்து தொலைத்திருக்கிறான்.

"அவரும் கேட்டுக்கிட்டே இருக்காரு சார். தமிழ்ல மாத்தினது யாரு, நன்றி சொல்லணும்னு. இன்னிக்கே மெயில் போட்டுடறேன்." சகாதேவன் பேனாவைத் திறந்தார். "உங்க பேரு சொல்லுங்க."

அறிவுச்செல்வன் எழுந்துவிட்டான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பேரெல்லாம் வேணாங்க. நான் எழுதறதையே நிறுத்திட்டேன்."

சகாதேவன் படிக்கட்டு வரைக்கும் கூட வந்து, இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார். அவன் இறங்கும்போது, அவர் உள்ளே பெண்களிடம் சொல்வது காதில் விழுந்தது.

"பாத்துக்குங்கம்மா. இவ்ளோ பாடுபட்டுட்டு, பேருகூட வேணாம்னுட்டுப் போறாரு. எவ்ளோ பெரிய மனசு."