பொட்டு வைக்கும் இடம்

நிச்சயத்துக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது.

அவள் விரல் நுனிகளில் மருதாணி, தொப்பி போட்டாற்போல. அந்த வாடையும் அப்பாவின் பட்டறையின் மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து தொண்டையில் நின்றன.

மேசைமேல் இரண்டு சிலிண்டர் ஹெட்கள், கார் எஞ்சினின் தலைப்பகுதிகள்.

ஒன்று கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. சின்ன வால்வுகள், சின்னத் துவாரங்கள். பார்க்கப் பாவமாக இருந்தது.

மற்றது சிபியுடையது. அவளுக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை. பெரிய வால்வுகள். விரலை விட்டால் வழுக்கும் காற்றுப் பாதைகள். இரண்டு வருடம் அவன் காரில் ஓடியது. அவனுக்குப் புதுக் கார் வந்துவிட்டது. இதைத் தள்ளிவிட வேண்டும்.

வாங்க வந்திருந்தவர் டெரிக். போத்தனூர்க்காரர், ரயில்வேயில் சிக்னல் வேலை. வைத்திருப்பது ஒரு பழைய டர்போ கார். ஞாயிற்றுக்கிழமை செட்டிப்பாளையம் பந்தயத் தடத்தில் அதை ஓட்டப்போகிறார்.

அவர் சிபியின் ஹெட்டைக் கையில் எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

எது அதிகம் காற்று இழுக்கும் என்று அவளைத்தான் கேட்டார். பௌதிகம் படித்த பெண் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

அவள் சொன்னாள். அவளே கருவியில் வைத்து அளந்தது. பெரியது, ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

அளவில் பிழை இல்லை.

சரியான ஓர் எண் வாயில் இப்படிக் கசக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

டர்போ எவ்வளவு ஊதினாலும் வாசல் குறுகலாக இருந்தால் மாப்பிள்ளை ஊர்வலம் எப்படி உள்ளே போகும் என்றான் பக்கத்தில் நின்ற சிபி. அப்பா சிரித்தார். சிரித்தபடியே ஹெட்டைத் தட்டினார், சந்தையில் மாட்டு முதுகைத் தட்டுவதுபோல.

டெரிக்கும் சிரித்தார். இந்தத் தடவை வீட்டுக்காரியும் பார்க்க வருகிறாளாம். கடைசியாக வந்து சேர்ந்தால் ராத்திரி சோறு கிடையாதாம்.

பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டார். தண்ணீர் டெஸ்ட் போட்டாயிற்றா?

"போட்டாச்சு," என்றார் அப்பா.

பொய் இல்லை.

நேற்று மதியம் போட்டார்கள். அவளும் அப்பாவும்தான். துளைகளையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் இறக்கினார்கள்.

அப்பா குனிந்து பார்த்தார்.

அவளும் பார்த்தாள்.

மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன் கண்ணு என்றார் அப்பா. பேசினார். மண்டபம், சமையல்காரர், வரப்போகிறவர்களின் தலைக்கணக்கு, நடுவில் இது. ஃபோனை வைக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தால் தொட்டி தெரிந்தது. கண்ணை மூடினால் தடத்தின் கடைசி வளைவு. எஞ்சினிலிருந்து ஒழுகிச் சக்கரத்துக்கு அடியில் கொதிக்கிற தண்ணீர்.

வாயைத் திறந்தால் மண்டபம் இல்லை. அப்பாவுக்கு ஊரில் முகம் இல்லை.

டெரிக் பெரியதன்மேல் உள்ளங்கையை வைத்தார். இதுவே இருக்கட்டும் என்றார்.

அந்தப் பட்டறையிலிருந்து எது வெளியே போனாலும் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் போகும். வைப்பது அவள். மேல்பக்கம், நட்டநடுவில். அதை யாரும் அழிக்க மாட்டார்கள். எஞ்சின் சூட்டில் அதுவாகக் கருகி உதிரும்வரை அப்படியே விட்டுவிடுவார்கள். தவறாமல் சர்ச்சுக்குப் போகிற டெரிக்கும் அப்பாவின் பட்டறைப் பொட்டு இல்லாமல் எதையும் எடுத்துப் போனதில்லை.

அப்பா ஹெட்டைச் சாய்த்தார். டர்போ உட்காரும் பக்கம் மேலே வந்தது.

இரண்டாவது துவாரத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"இங்க வை, கண்ணு."

நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். நாளன்றைக்குத் தாம்பூலத் தட்டை மாற்றப்போகிற விரல்.

அவள் சிபியைப் பார்த்தாள். அவன் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே சொன்னான், நன்றாகப் பெரிதாக வை என்று. மருதாணிக் கை, ராசியான கை என்றான்.

அந்தக் கையை வெட்டி மேசையிலேயே வைத்துவிட்டுப் போகலாம் போலிருந்தது.

சந்தனத்தில் தண்ணீர் விட்டாள். குழைத்தாள். விரலில் எடுத்தாள். மருதாணிச் சிவப்பின்மேல் மஞ்சள்.

தெரியாத கண்ணுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

டெரிக் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கைகளைக் கட்டிக்கொண்டார். கண்களை மூடிக்கொண்டார்.

அவள் விரல் நின்றது.

அப்பா மெல்லச் செருமினார்.

அவள் திரும்பி, சின்ன ஹெட்டின் மேல்பக்கம், நட்டநடுவில் சந்தனத்தை வைத்தாள். அதன்மேல் குங்குமம். பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது.

டெரிக் கண்ணைத் திறந்தார்.

"அந்தப் பெரிசு வேண்டாங்கண்ணா," என்றாள். "அதுல விரிசல் இருக்குது. நேத்து தண்ணிக்குள்ள குமிழி வந்துச்சு. நாங்க மூணு பேரும் சொல்லலை."