மூக்கு உடைந்த தோர்

"அண்ணே, உங்க தூண் ரெண்டும் கிடைச்சிடுச்சு!"

ஓர்மரோடு ஒரே கப்பலில் வந்து குடியேறிய ஸ்காப்தி கதவைக்கூடத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து அடுப்பருகில் கையை நீட்டிக் குளிர்காய்ந்தான். வலை பின்னிக்கொண்டிருந்த ஓர்மர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அவர் முகம் எப்போதுமே அப்படித்தான்.

"எங்கே?"

"மேற்கே, கரும்பாறை முனையில. நானும் என் மச்சான் கிரீமும் கடல்நாய் வேட்டைக்குப் போனோம். பாத்தா, கரையில தோர் சாமி மல்லாக்கப் படுத்திருக்கார்."

கூழைக் கிளறிக்கொண்டிருந்த ஓர்மரின் மனைவி யோருனின் கை நின்றது. கரும்பாறை முனையில் எரிமலைக் குழம்பு இறுகிய கல்லைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வழி தவறிப் போன ஆடுகூட அங்கே ஒரு நாள் தங்காது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் நார்வேயிலிருந்து குடியேற வந்தபோது, ஐஸ்லாந்துக் கரை கண்ணில் பட்டதும், ஓர்மர் தன் பழைய வீட்டு ஆசனத்தின் தூண்கள் இரண்டையும் கடலில் தள்ளினார். இடிக்கு அதிபதியான தோர் சாமியின் முகம் செதுக்கிய தூண்கள். அவை எங்கே கரையேறுகின்றனவோ அங்கேதான் காலத்துக்கும் குடியிருப்பேன் என்று கப்பலில் இருந்த நாற்பது பேர் முன்னால் சத்தியமும் செய்தார். குடியேற வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் செய்வதுதான்.

தூண்கள் கிடைக்கும்வரை என்று சொல்லித்தான் இந்த வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் குடிசை போட்டார்கள். ஒவ்வொரு கோடையிலும் ஓர்மர் ஆள் அனுப்பித் தேடச் சொன்னார். கிடைக்கவில்லை. அதற்குள் யோருன் இங்கே ஒரு மகளைப் பெற்றுவிட்டாள். பார்லி விளைந்தது. பசு இரண்டு முறை கன்று போட்டது. இந்த மண்ணை விட்டுப் போக அவளுக்குத் துளியும் மனசில்லை.

"ஏங்க, பேசாம இருக்கீங்களே! அங்க போய்க் கல்லையா வேகவச்சுத் திங்கிறது?"

"சத்தியம் பண்ணிட்டேனே, யோருன்."

"கடல்ல வர்ற கட்டையெல்லாம் நம்ம தூணா? நம்முதுதான்னு என்ன நிச்சயம்?"

ஸ்காப்தி இளித்தான். "ஒரு தூண்ல தோருக்கு மூக்கு உடைஞ்சிருக்கு அண்ணி. நீங்க அண்ணனைப் பாத்துக் கரண்டியை வீசி, அது சாமி மேல பட்டுச்சே, மறந்துட்டீங்களா? கப்பலே சிரிச்சுது."

யோருன் மறுபடி கூழைக் கிளறத் தொடங்கினாள்.

"நீங்க கிளம்பினப்புறம் இந்த இடம் வீணாப் போயிடக் கூடாது பாருங்க," என்று ஸ்காப்தி ஊற்றுப் பக்கம் பார்த்தபடி பெருமூச்சு விட்டான். "நானே இருந்து பாத்துக்கறேன்."

"உனக்கு நல்ல மனசு," என்றார் ஓர்மர். "ஆனா கண்ணால பாக்காம எப்படிக் கிளம்பறது? தூணை இங்க கொண்டு வா."

"ஆளுயரத்துக்கு மேல இருக்கே அண்ணே! அந்தக் கல்லுக்காட்டுல யாரு தூக்குவா?"

"படகுல கட்டிக் கடல் வழியா இழுத்துட்டு வா. மூணு வருஷம் மிதந்தவர், இன்னும் நாலு நாள் மிதக்க மாட்டாரா?"

ஐந்தாம் நாள் மத்தியானம் படகு வந்தது. கப்பலில் வந்த நாற்பது பேரையும் ஓர்மர் வரவழைத்திருந்தார். யோருன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதபடி நின்றாள்.

"அங்கேயே கயித்தை அவுத்து விட்டுடுப்பா!" என்று ஓர்மர் கரையிலிருந்து கத்தினார். "இங்க பாறை ஜாஸ்தி. படகு மோதிடப் போகுது!"

ஸ்காப்தி அவிழ்த்துவிட்டான். அலை இரண்டு தூண்களையும் புரட்டிப் புரட்டிக் கொண்டுவந்து மணலில் போட்டது. ஓர்மர் குனிந்து மூக்கைத் தடவினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "என் தூண்தான்," என்றார்.

"நான்தான் சொன்னேனே!" ஸ்காப்தி தண்ணீரில் குதித்து ஓடி வந்தான். "எப்பண்ணே கிளம்பறீங்க?"

"எங்கே?"

"கரும்பாறை முனைக்குத்தான்! தூண் எங்க கரையேறுதோ அங்கதானே குடியிருக்கணும்?"

"அதான் இங்க கரையேறிடுச்சே. நாப்பது பேரும் பாத்துட்டுத்தானே நிக்கறாங்க?"

கூட்டம் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு ஆமாம் என்று தலையாட்டியது.

"அநியாயம்! முதல்ல அங்கதான் கரையேறுச்சு!"

"யாரு பாத்தா?"

"நானும் மச்சானும்!"

"ரெண்டு பேர்," என்றார் ஓர்மர்.

ஸ்காப்தி எதையோ சொல்ல வாயைத் திறந்தான். அதைச் சொல்ல முடியாது என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். மூடிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே தூண்களை ஆசனத்துக்கு இருபுறமும் நட்டார்கள். எல்லோரும் போன பிறகு யோருன் அந்த உடைந்த மூக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் உடைச்ச மூக்கு. கோவிச்சுக்காம நம்ம வாசலுக்கே வந்து நம்மளக் காப்பாத்திட்டார் பாத்தீங்களா?"

"இது நீ உடைச்சதில்ல. ஸ்காப்தி உடைச்சது."

"என்ன உளர்றீங்க?"

ஓர்மர் வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"பாப்பா பிறந்த அன்னிக்குப் பனிப்புயல்ல விறகு தீந்துபோய், இதே கரையில பனிக்கடியில கிடந்த ரெண்டு கட்டையை வெட்டிட்டு வந்து எரிச்சேனே, ஞாபகமிருக்கா? பாதி வெந்தப்புறம்தான் பாத்தேன், அதுல ஒண்ணுக்கு மூக்கு இல்ல."