சிவப்பு நூல்

தீப்பெட்டியைத் தேடி மனைவியின் கைப்பைக்குள் கைவிட்டார் டாக்டர் உமாபதி. அகப்பட்டது வேறொன்று.

தந்தம் பதித்த சின்ன மரச்சிமிழ். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நோராவுடையது.

நோரா அவருடைய பேஷன்ட். அலாஸ்காவின் பூர்வகுடிப் பெண். கணவனின் படிப்புக்காக மான்ட்ரியல் வந்தவள். இப்போது ஏழு மாதக் கர்ப்பம். அவள் ஊரில் மரக்காளானைச் சுட்ட சாம்பலைப் புகையிலையோடு சேர்த்து மென்று, உருட்டிச் சிமிழில் வைத்துக்கொள்வார்கள். இக்மிக் என்று பெயர். நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள்.

"இதுல புகையே இல்லையே டாக்டர், பிள்ளைக்கு என்ன கெடுதல்?" என்று கேட்டவளுக்கு மூன்று தடவை விளக்கியாயிற்று. சாம்பல் சேர்ந்தால் விஷம் இன்னும் வேகமாக ரத்தத்தில் ஏறும். பிள்ளை எடை குறையும், குறைமாதத்தில் பிறக்கும். முதல் பிள்ளை அப்படித்தான் பிறந்து, தங்காமல் போனது.

அவளுடைய சிமிழ் இங்கே எப்படி?

"அனு, இது ஏது?"

அனுசூயா வெள்ளிக்கிழமைதோறும் புறநகர் பியர்பொன்ட்ஸிலிருந்து கார் ஓட்டிவந்து கிளினிக்கிலிருந்து கணவரை அழைத்துப்போவாள். இன்று வெயிட்டிங் ரூமில் அவள் பக்கத்தில் நோரா பனிபூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அவங்க குடுத்தாங்க."

உமாபதிக்கு வந்தது பாருங்கள் கோபம். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் நடக்கும் ஒரே சண்டை அனுசூயாவின் புகையிலைப் பழக்கம்தான். மான்ட்ரியலில் வெற்றிலை கிடைக்காது, தானாக விட்டுவிடுவாள் என்று நம்பினார். அவளோ வெற்றிலை இல்லாவிட்டால் போகிறது, புகையிலையும் சுண்ணாம்பும் போதும் என்று தஞ்சாவூரிலிருந்து பார்சல் வரவழைத்தாள்.

"பதினாறு வருஷமா தலைப்பாடா அடிச்சுக்கிறேன். ஊர்ச் சரக்கு பத்தாதுன்னு இப்ப அலாஸ்கா சரக்கா? உன்னோடதையும் அவளுக்குக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"வயித்துப் புள்ளக்காரிக்கா? படிச்சவதானே நீ? ஈவு இரக்கம் வேணாம்?"

நோராவுக்குத் தமிழ் புரியாது. கோபம் புரியும். தன் பையிலிருந்து அனுசூயாவின் பித்தளை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டப்பாவைச் சுற்றிச் சிவப்பு நூல், இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

உமாபதி கையிலிருந்த சிமிழைத் திருப்பிப் பார்த்தார். அதிலும் அதே நூல், அதே முடிச்சு.

"இருபத்தாறு நாள் டாக்டர்" என்றாள் நோரா இங்கிலீஷில்.

அனுசூயா மெதுவாகச் சொன்னாள். "தூக்கி எறிஞ்சா மறுநாளே மனசு புதுசு கேக்குதுங்க. நாங்க எறியாத டப்பாவா? அதான் மாத்தி வச்சுக்கிட்டோம். வேணும்னா அவங்ககிட்டதான் நான் கேக்கணும், என்கிட்டதான் அவங்க கேக்கணும்னு பேச்சு. ராத்திரியெல்லாம் நாக்கு நமநமங்குது. ஆனா கேக்க மானம் இடம் குடுக்கலை."

"இது யார் யோசனை?"

"நோராதான். 'தனியா என்னால முடியலை, நீ விட்டா நானும் விடறேன்'னாங்க. ஒரு புள்ளைய மண்ணுல வச்சவ கேக்கறா, எப்படி முடியாதும்பேன்? பதினாறு வருஷமா விடு விடுன்னு நீங்க சொன்னீங்க. என்கூடச் சேர்ந்து விடறதுக்கு யாரும் வரலையே."

உமாபதிக்கு முகம் சுருங்கிவிட்டது. இன்று நோராவின் வயிற்றை அளந்தபோது பிள்ளை நன்றாக வளர்ந்திருந்ததும், அதைத் தன் அறிவுரையின் பலன் என்று நினைத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம் நோரா. விடாம இப்படியே இருங்க. புகையிலை எந்த ரூபத்துல வந்தாலும் விஷந்தான்."

சொல்லிக்கொண்டே கைப்பையில் மறுபடி துழாவினார். இந்தத் தடவை தீப்பெட்டி அகப்பட்டது. பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட்டை உருவி வாயில் வைத்தார்.

அனுசூயா பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, ஒரு முழம் அளந்து அறுத்தாள்.

நோரா அவர் முன்னால் கையை நீட்டினாள்.

"அந்தப் பாக்கெட்டை இப்படிக் குடுங்க டாக்டர். நான் பத்திரமா வச்சுக்கிறேன்."