சீக்கிரம் அறுகிற நூல்

"சீக்கிரம் அறுந்து போற நூலா ஒண்ணு காட்டுங்க அண்ணே" என்றாள் அந்தப் பெண்.

நூல்கடைக்காரர் காதைக் குடைந்துகொண்டார். இருபத்திரண்டு வருட வியாபாரத்தில் அறுகாத நூல் கேட்டு வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறார். அறுந்த நூலைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டிச் சண்டை போட்டவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் தைக்கத் தெரியாது என்பது அவருடைய தீர்ப்பு.

என்ன தைக்கப் போகிறாள் என்று விசாரித்தார். துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வையாம். யாருக்கு என்றார். நாத்தனாருக்கு என்றாள்.

கடைக்காரருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்கும் ஒரு தங்கை உண்டு. அவள் பெட்டியோடு வந்து இறங்கும் நாட்களில் அவர் மனைவிக்கு வரும் தலைவலி எந்த மாத்திரைக்கும் அடங்காது.

நூலை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அடுத்தவர் குடும்பத்துக்குப் புத்தி சொல்வதில் அவருக்குத் தனி ருசி. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் ஒரு போர்வைக்கு ஆசைப்பட்டால், அதில் போய் வஞ்சம் தீர்க்கலாமா, உறவென்றால் விட்டுக்கொடுத்துப் போக வேண்டாமா என்று கால் மணி நேரம் பேசினார். சொந்த அண்ணனோடு ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத மனிதர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு உருக்கம்.

பேச்சோடு பேச்சாக, யாரும் வாங்காமல் தூசி படிந்து கிடந்த நைலான் நூல்கண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். இதைக் கொண்டு யானையையே கட்டி இழுக்கலாம் என்றார். போர்வைக்குள் யானைக்கு என்ன வேலை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்தாள். நீலக் கட்டம் போட்ட பருத்திச் சட்டை. துவைத்துத் துவைத்து வெங்காயச் சருகாக மெலிந்திருந்தது.

"எங்க மாமனாரோடது. போன வருஷம் தவறிட்டார். இந்த மாதிரி ஒன்பது சட்டைதான் மிச்சம். அப்பா சட்டையிலேயே ஒரு போர்வை வேணும்னு நாத்தனார் ஆசைப்படறாங்க. தூக்கத்துல இழுத்து இழுத்துப் போத்திக்கிற பழக்கம் அவங்களுக்கு. கெட்டி நூல் போட்டா நூலுக்கு ஒண்ணும் ஆகாது, துணிதான் கிழியும். நூல் அறுந்தா நானே திரும்பத் தைச்சுக் குடுத்துடுவேன். சட்டை கிழிஞ்சா எங்க போறது?"

கடைக்காரர் அந்தச் சட்டையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். பஞ்சு போல இருந்தது. தொண்டையில் ஏதோ அடைத்தது. வெட்கம் என்பது அவருக்குப் பழக்கமில்லாத சமாசாரம். ஆகவே சளி என்று நினைத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

நைலான் கண்டு சத்தமில்லாமல் அலமாரிக்குத் திரும்பியது. தன் கடைப் பெயரையே ஒட்டி விற்கும் பருத்தி நூல் பெட்டியை இறக்கிவைத்து, இதுவும் கொஞ்சம் உறுதியான ரகம்தான், பரவாயில்லையா என்று கேட்டார். அவள் பரவாயில்லை என்றாள். ஓர் இழையைக்கூட இழுத்துப் பார்க்காமல் சாம்பல் நிறத்தில் ஆறு உருளைகளை எடுத்துக்கொண்டாள்.

அந்த நம்பிக்கை கடைக்காரரை மறுபடி நிமிர்த்திவிட்டது. எந்தப் பக்கமிருந்து வருகிறாள் என்று கேட்டார். ஊரின் அந்தக் கோடியிலிருந்து, இரண்டு பஸ் மாறி வந்தாளாம். அவருக்கு உச்சி குளிர்ந்தது. அவர் கடை இருக்கும் தெருவிலேயே வரிசையாக நான்கு நூல்கடைகள் இருக்கின்றன. அத்தனையையும் தாண்டியல்லவா வந்திருக்கிறாள்.

எதிர்க்கடைக்காரன் வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, அவனுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இவ்வளவு தூரம் என் கடையைத் தேடி வந்திருக்கீங்களேம்மா, யாரு சொல்லி அனுப்புனாங்க?"

"எங்க பக்கத்து டெய்லருங்க எல்லாரும்தான் அண்ணே. அந்தக் கடை நூல் தொட்டாலே அறுந்துடும், அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதேன்னு சொன்னாங்க."