பேர் தெரியாத அறைத்தோழி

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை எல்லாப் பிள்ளைகளையும் போல ஆதிரையின் காதிலும் பள்ளி கொடுத்த துணைக்குரல் கருவி இருந்தது. எதிரே யார் வந்தாலும் அவர்கள் பெயரைச் சொல்லும்; என்ன பேசலாம் என்றும் எடுத்துக்கொடுக்கும். கல்லூரியில் சேர்ந்த அன்றே அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். "இனிமே நீங்க பெரியவங்க" என்றார் முதல்வர்.

விடுதி அறையில் இன்னொருத்தியும் இருந்தாள். ஒரு மாதமாக இருவரும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பேச்சை எப்படித் தொடங்குவதென்றே ஆதிரைக்குத் தெரியவில்லை.

ஞாயிறு மதியம் அந்தப் பெண் காய்ச்சலில் கட்டிலை விட்டு எழவே இல்லை. ஆதிரை பயந்துபோய் விடுதி மருத்துவருக்குப் போன் செய்தாள்.

"பேஷண்ட் பேர் சொல்லும்மா" என்றார் அவர்.

ஆதிரைக்கு அது தெரியாது. போனைப் பிடித்தபடியே கட்டிலருகே குனிந்து, பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்டிராத கேள்வியைக் கேட்டாள்.

"உன் பேர் என்ன?"

அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். "ஃபர்ஹானா... நானும் உன்கிட்ட கேக்கணும்னு தினமும் நெனப்பேன். எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல."

ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்து ஃபர்ஹானாவைத் தூக்கிப் போனார்கள். அப்புறம்தான் தன் பெயரைச் சொல்லவே இல்லை என்பது ஆதிரைக்கு உறைத்தது. செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.