இருபது குதி

பத்து வரி படித்தால் இருபது குதி. ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத எட்டு வயது மகள் வடிவுக்குக் கண்மணி வகுத்த நியதி அது. "மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால இப்படிப் பழக்கிப் பாருங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றே மாதத்தில் வடிவு ஒரு பாடத்தை முழுதாகப் படிக்கத் தேறினாள்.

அந்த வரத்துக்கும் இடையூறு வந்தது. மூன்று நாள் முன்பு, சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் லிஃப்ட்டில் கீழ்வீட்டு பிலோமினம்மாள், "சாயங்காலம் குதிக்கிறது உங்க பிள்ளையா?" என்று கேட்டார். புகார் செய்துவிடுவாரோ என்று கண்மணி பயந்தாள். அன்றே குதிப்பு நின்றது, படிப்பும் நின்றது.

இன்று அவரே வாசலில் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க அக்கா. இப்ப அவ குதிக்கிறதில்ல. ஹவுசிங் போர்டுல கம்ப்ளெய்ண்ட் பண்ணிடாதீங்க."

"கம்ப்ளெய்ண்டா? ஏன் நிறுத்திட்டீங்கன்னு கேக்க வந்தேன் லா!"

கண்மணி கதவை அகலத் திறந்து அவரை உள்ளே அழைத்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம்மா. எக்சர்சைஸ்னா முகத்தத் திருப்பிக்குவார். பிள்ள குதிக்கிற சத்தத்த எண்ணிக்கிட்டே தானா காலத் தூக்க ஆரம்பிச்சார். இருபது வரைக்கும் வந்துட்டார். மூணு நாளா கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கார்."

'முருகா!' என்று கண்மணியின் உள்ளம் உருகிற்று.

"வடிவு, புத்தகத்த எடு."

பத்து வரி முடிந்தது. இருபது குதியும் முடிந்தது. உடனே கீழிருந்து கூரையைத் தட்டும் ஓசை எழுந்தது. கண்மணி பதறி நிமிர்ந்தாள்.

பிலோமினம்மாள் சிரித்தார்: "துணி காயப்போடுற நீளக் கம்பால தட்டுறார். அடுத்த பத்து வரிய சீக்கிரம் படிக்கச் சொல்லுங்க!"