தளவாயின் பீடி

எங்கம்மா உலகம்மாள் வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. ஆனால் நுரையீரலில் புற்று வந்தது அவளுக்குத்தான். இருபத்துமூன்று வருஷமாக அதே வீட்டுக்குள் பீடி இழுத்த அப்பா தளவாய்க்கு ஒரு தும்மல்கூட இல்லை.

அநியாயமா இல்லையா?

நான் சட்டம் படிக்கிறவள். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. சாலை பஜாரில் அப்பா வேலை பார்க்கிற குழாய்க் கடைக்கே போனேன். அவர் சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை உருவிக் கல்லாமேல் எறிந்தேன்.

"அம்மாவைக் கொல்றது இதுதான். நீங்கதான்!"

கடையே திரும்பிப் பார்த்தது. முதலாளி சிவதாணு பதறிப்போனார். "ஏ பிள்ளே, அப்பாவைப் பார்த்துப் பேசுத பேச்சா இது?"

"பொய்னா இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி."

அப்பா இல்லையென்று சொல்லவில்லை. அன்றோடு பீடியை விட்டார். அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன்.

நாலு மாதமாக அவரோடு பேச்சில்லை. ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் ஒரே ஆட்டோவில்தான் போவோம். அவர்கள் டாக்டர் அறைக்குள் போவார்கள், நான் வராந்தாவில் இருப்பேன். அம்மாவின் ஆஸ்பத்திரி ஃபைலை அவர் கடைப் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கியிருப்பார். ஒருநாள் பொறுக்காமல் அதைக் கேட்டேன்.

"உனக்கெதுக்கு மக்ளே அது?" என்று இன்னும் இறுக்கிக்கொண்டார்.

குற்றம் செய்தவர்தானே காகிதத்தை மறைப்பார்?

நேற்று அவர் மாத்திரை வாங்கப் போன நேரம் பார்த்து எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பை அம்மா மடியில் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு நானே உள்ளே போனேன்.

டாக்டர் ஷைலஜா புது ஸ்கேனைப் பார்த்துச் சிரித்தார். கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது.

"அப்பா பீடியை விட்டதாலயா டாக்டர்?"

"பீடியோ? ஆரு பறஞ்ஞு?" என்று மலையாளத்தில் கேட்டவர், அம்மாவுக்கும் நன்றாகப் புரியட்டும் என்று தமிழுக்கு மாறினார். ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினார். "இது ஜீன் டெஸ்ட். செல்லை வளரச் சொல்ற ஜீன் ஒண்ணு கெட்டுப்போச்சு. அடைக்க முடியாத குழாய் மாதிரி, வளரு வளருன்னு சொல்லிட்டே இருக்கு. புகையே படாதவங்களுக்கும் இது வரும். அப்பா பீடின்னு கை காட்ட முடியாது. எந்த ஜீன்னு தெரிஞ்சதாலதான் அதை மட்டும் அடைக்கிற மாத்திரை தர முடிஞ்சது. உங்க அப்பாவைத் தனியா கூப்பிட்டு அன்னைக்கே சொல்லிட்டேனே?"

தாளில் தேதியைப் பார்த்தேன். கடையில் நான் கத்திவிட்டு வந்த இரண்டாவது வாரம்.

"ஜீனா? அப்ப எனக்கும் வருமா?"

முதலில் என் வாயில் வந்தது அதுதான்.

"இல்ல மோளே. அம்மா பிறக்கும்போது இது இல்ல. பிறகு அந்தக் கட்டியில மட்டும் நடந்த மாற்றம். பிள்ளைக்குப் போகாது."

வெளியே அப்பா மாத்திரைப் பொட்டலத்தோடு நின்றிருந்தார். என் கையில் பையைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"அத்தனை பேர் முன்னால உங்களைக் கேவலப்படுத்தினேனேப்பா. பீடி இல்லேன்னு தெரிஞ்ச பிறகாவது சொல்லியிருக்கலாம்லா? ஏன் சொல்லல?"

கக்கத்தில் இல்லாத ஃபைலைத் தேடுகிற மாதிரி அவர் கை ஒருமுறை அசைந்தது.

"ஜீனுன்னு சொன்னாவ மக்ளே. ஜீனுன்னா தாய்கிட்டருந்து பிள்ளைக்கு வரும்லா? டாக்டரம்மாட்ட கேக்கக்கூடத் தைரியம் வரல. நீ பயந்துட்டுக் கெடக்கண்டாம்னு விட்டுட்டேன். பீடின்னா என்னோட போயிரும்லா?"